மரியாதை கூடினால் ஆஸ்பத்திரிக்கு வாங்க

ஈரல் நோய்ப் பிரிவில் தாதியாக இருக்கிறேன் என்று சொன்னால் போதும், கேட்கிற மனுசர் முதலில் கண்ணை இழுத்துப் பிடித்து, "மஞ்சளா இருக்கா பாருங்க" என்பார், அப்புறம் குரலைத் தணித்து, "என் மச்சான் ஒருத்தர் இருக்காரு..." என்று ஆரம்பிப்பார். பதுளை பஸ் ஸ்டாண்டில் நின்றாலும் இதே கதைதான், கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தாலும் இதே கதைதான். ஆறிப்போகாத சோறு சாப்பிட்ட கல்யாணம் எனக்கு ஒன்றும் ஞாபகத்தில் இல்லை.

இந்த மலைப்பக்கத்தில் தாதியை எல்லாரும் 'மிஸ்ஸி' என்றுதான் கூப்பிடுவார்கள். வயிற்றில் நீர் கோத்தவர்கள், கால் வீங்கியவர்கள், கண் மஞ்சளானவர்கள் என்று வார்டு நிறைய மிஸ்ஸி, மிஸ்ஸி என்ற குரல்தான். நீங்களும் வீட்டில் ஓர் ஈரல் நோயாளியை வைத்துக்கொண்டு, அவருக்குத் தெரியாமல் உப்பைக் குறைத்து, அவருக்குத் தெரிந்தே திட்டு வாங்குகிறவராக இருந்தால், வாங்க, பக்கத்தில் உட்காருங்க. நாம் ஒரே கட்சி.

உப்பில்லாச் சமையல்

கொஸ்லந்தப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து மாரிமுத்து அண்ணன் வருவார். கூடவே மனைவி லெட்சுமி அக்கா. நிறைமாதக்காரி மாதிரி வயிறு. ஊசி போட்டு நீரை இறக்கி அனுப்புவோம். கிளினிக்குக்குத் திரும்பி வரும்போது அதே வயிறு, அதே மூச்சுத் திணறல், இடுப்பில் கட்டியும் வயிற்றுக்குக் கீழே நழுவி நழுவி விழும் அதே சாரம். டொக்டர் மாத்திரையைக் கூட்டலாமா என்று யோசித்தார். அதற்கு முன்னால் வீட்டுச் சாப்பாட்டை ஒரு தடவை விசாரித்துப் பாருங்கள் என்று என்னிடம் சொன்னார்.

நான் கேட்டதும் லெட்சுமி அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "உப்பு டப்பாவையே பக்கத்து வீட்டுக்குக் குடுத்துட்டேன் மிஸ்ஸி. அவருக்கு ஒண்ணு, எங்களுக்கு ஒண்ணுன்னு சமைக்கக்கூடாதுன்னு நானும் புள்ளைகளும் அதே சப்புச் சோறுதான் திங்கிறோம்" என்றார். எனக்கே சங்கடமாகப் போய்விட்டது. சோற்றோடு வேறு என்ன வைப்பீர்கள் என்று மெதுவாகக் கேட்டேன். கீரை, பருப்பு, கிழங்கு. அப்புறம்? அப்புறம் ஒன்றுமில்லை, வெறும் சோறு இறங்கவில்லை என்று அவர் முகத்தைச் சுளிப்பதால் ஓரத்தில் பொரித்த கருவாடு. தினமுமா? தினமும்தான்.

தேசிக்காய்ப் புளியும் மிளகும் போட்டு நாக்கை ஏமாற்றுவது எப்படி, கருவாட்டுக்குப் பதிலாக முட்டையை எப்படிச் சமைப்பது என்று சொல்லிக்கொடுத்தேன். அடுத்த முறை வந்தபோது அண்ணனின் சாரம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அன்றைக்கு, கருவாட்டில் இருப்பதும் உப்புத்தான் என்று நான் சொன்னதும் லெட்சுமி அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்: "நான் எங்க மிஸ்ஸி உப்புப் போட்டேன்? அது கடல்ல இருந்து வரும்போதே போட்டுக்கிட்டு வந்தா அதுக்கும் நானா பொறுப்பு?"

குடிக்காத முதலாளி

பதுளை கடைவீதியில் புடைவைக்கடை வைத்திருக்கும் ஒரு முதலாளி. பெயர் வேண்டாம். மூன்று தலைமுறையாகச் சைவச் சாப்பாடு. சாராயத்தை மோந்துகூடப் பார்த்ததில்லை. ஆனால் இனிப்பு நோயும் கொழுப்பும் சேர்ந்து மனுசருடைய ஈரலைக் கெடுத்துவிட்டன. அவருக்கு நோயைவிடப் பெரிய வேதனை, இந்தக் கிளினிக் வாசலில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்பது. வெயிலே இல்லாத நாளிலும் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு வருவார். நோயாளிகள் வரிசையாக உட்காரும் நீள வாங்கின் கடைசியில், யார் மேலும் படாமல் உட்காருவார். இரவில் தூக்கமில்லை, கோயில் கூட்டத்துக்குப் போவதையும் விட்டுவிட்டேன் என்று ஒரு நாள் என்னிடம் சொன்னார். "கடையில நிக்கிற பொடியன்களே ஒரு மாதிரி பாக்குறானுங்க" என்றார்.

அப்புத்தளையிலிருந்து வரும் ராமர் அண்ணன் நேர் எதிர். வாலிபத்திலிருந்தே குடித்தவர், இப்போது முழுக்க விட்டுவிட்டவர். கூச்சம் என்பதே கிடையாது. ஒரு கிளினிக் நாளில் போய் முதலாளி பக்கத்திலேயே உட்கார்ந்து, "ஐயாவுக்கு என்ன, சாராயமா, கசிப்பா?" என்று விசாரித்தார். முதலாளி எழுந்துவிட்டார். நான் ஓடிப்போய், குடிக்காதவர்களுக்கும் இது வரும், இனிப்பாலும் வரும், எடையாலும் வரும் என்று அங்கிருந்த எல்லாருக்கும் கேட்கிற மாதிரி விளக்கினேன். முதலாளி தலையைக் குனிந்தபடி நின்றார்.

ராமர் அண்ணன் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். முகத்தில் கேலி இல்லை, நிஜமான வருத்தம். கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். அதன் பிறகு இருவரும் கிளினிக் நாளில் ஒருவருக்கொருவர் இடம் பிடித்து வைக்கும் அளவுக்குச் சிநேகமானார்கள்; குடையும் மழைக்கு மட்டும் விரிந்தது. எல்லாவற்றுக்கும் காரணம் அன்றைக்கு ராமர் அண்ணன் சொன்ன ஆறுதல்தான்: "ஒரு சொட்டுகூடக் குடிக்காமயா ஐயா இந்தக் கஷ்டம்? அநியாயமால்ல இருக்கு! நாங்களாச்சும் ஆடிப்புட்டு வந்தோம்."

மரியாதை

ஈரல் கெட்டால் சில சமயம் அதன் நஞ்சு மூளைக்கு ஏறும். ஆள் தடுமாறுவார், பகலில் தூங்குவார், பேச்சு மாறும். கவனிக்காமல் விட்டால் மயங்கி அப்படியே போய்விடவும் கூடும். அதைத் தடுக்க ஓர் இனிப்பு மருந்து உண்டு. வயிற்றைக் கழித்து நஞ்சை வெளியேற்றும். வீட்டில் இருப்பவர்களிடம் நான் எப்போதும் சொல்வது, "அவர் வழக்கத்துக்கு மாறா நடந்தா உடனே கூட்டிக்கிட்டு வாங்க" என்பதுதான்.

வெலிமடை வேலாயுதம் அண்ணன் பஸ் சாரதியாக இருந்து, நோய் வந்ததும் வேலையை விட்டவர். வாய் என்றால் அப்படி ஒரு வாய். ஒரு நாள் அவருடைய மனைவி தெய்வானை அக்கா அவரைத் திரீவீலரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். சொந்தக்காரர்கள் எல்லாம், ஆள் நன்றாகத்தானே இருக்கிறார், எதற்கு வீண் அலைச்சல் என்று தடுத்திருக்கிறார்கள். என்ன செய்கிறது என்று கேட்டேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நேத்துத் தேத்தண்ணி குடுத்தேன் மிஸ்ஸி. 'நீங்க குடிச்சீங்களா?'ன்னு கேட்டாரு. என்னைய நீங்கன்னு சொல்லி நான் கேட்டதே இல்ல. எனக்கு ஈரக்கொலையே நடுங்கிருச்சு" என்றார்.

பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி கையை நீட்டிக் காட்டுங்கள் என்று அண்ணனிடம் சொன்னேன். எங்கள் பரிசோதனை அது. நஞ்சு ஏறியிருந்தால் கை படபடவென்று அடிக்கும். "நான் நிப்பாட்டுறவன் இல்லீங்க, ஓட்டுறவனுங்க" என்று மிகப் பணிவாகச் சொல்லிவிட்டு நீட்டினார். இரண்டு கையும் சிறகு மாதிரி அடித்தன. விசாரித்ததில், பழைய கூட்டாளிகளோடு பேச பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் நாளில் அந்த மருந்தைக் குடிக்காமல் விட்டிருக்கிறார். போகிற வழியில் கக்கூசுக்கு எங்கே ஒதுங்குவது? பாவம், அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் நினைவு திரும்பியிருக்காது என்று டொக்டர் சொன்னார். மருந்து வேலை செய்து அண்ணன் தெளிந்த அன்று நான் கட்டில் பக்கம்தான் நின்றேன். கண்ணைத் திறந்து, "ஏய், இது தேத்தண்ணியா, கழனித் தண்ணியா?" என்று அவர் கத்தியதும், தெய்வானை அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அழுது முடித்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்: "மிஸ்ஸி, அந்த மருந்தக் கொஞ்சமே கொஞ்சம் கொறைச்சுக் குடுக்க முடியாதா? உசுரும் இருக்கணும், அந்த 'நீங்க'வும் இருக்கணும்."

பார்க்க வந்தவள்

கணேசன், தோட்டத்தில் திருட்டுத்தனமாகக் காய்ச்சும் கசிப்பைக் குடித்தே ஈரலைக் கரைத்தவர். அப்புத்தளைக்குக் கீழே ஒரு தோட்டம். இரத்த வாந்தியோடு கொண்டுவந்தார்கள். மனைவி சரோஜா இராப்பகலாகக் கூடவே இருந்தாள். ஒரு நாள் பார்வையாளர் நேரத்தில், ஒரு பெண் தோடம்பழப் பையோடு வந்து கட்டில் காலருகே நின்றாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். அதே தோட்டத்து ஆள் ஒருவர் என்னிடம் வந்து, "இவதான் மிஸ்ஸி, அங்க கசிப்பு ஊத்துறவ. ராசாத்தின்னு பேரு" என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவளை வெளியே அனுப்பிவிட வேண்டும் என்று வேகமாக நடந்தேன். அதற்குள் கணேசன் மறுபடி குமட்டினார். சரோஜா அவரைத் தாங்கிப் பிடித்தாள். ராசாத்தி பையைக் கீழே போட்டுவிட்டு, யாரும் சொல்லாமலே கிண்ணத்தை எடுத்து அவர் வாயருகே ஏந்தினாள். இருவரும் சேர்ந்து அவர் வாயைத் துடைத்து, தலையணையைத் திருப்பி வைத்தார்கள். நான் பாதி வழியிலேயே நின்றுவிட்டேன். சரோஜா என் முகத்தைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

கணேசன் அந்த முறை வீடு திரும்பவில்லை. அவருடைய சாமான்களை எடுத்துப்போக இரண்டு பெண்களும் ஒன்றாகத்தான் வந்தார்கள். ராசாத்தி வாசலிலேயே நின்றுகொண்டாள், உள்ளே வரவில்லை. அன்றைக்கு ஏன் என்னைத் தடுத்தாய் என்று சரோஜாவிடம் கேட்டேன். கணவனுடைய கம்பளிச் சட்டையை மடித்தபடியே சொன்னாள்: "அவ புருசனும் இந்த வார்டுலதான் மிஸ்ஸி கெடந்தாரு. கூட நிக்க அவளுக்கு ஒரு சனம் இல்ல. அன்னைக்குக் கிண்ணம் பிடிச்சது நான்."

பிள்ளைக் காம்பரா

கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடத்தைத் தோட்டத்தில் பிள்ளைக் காம்பரா என்பார்கள். புஷ்பராணி அதில்தான் வேலை. கல்யாணம் ஆகவில்லை, ஆனால் அந்தத் தோட்டத்தில் நடக்கப் பழகிய பிள்ளைகளில் பாதி அவளுடைய விரலைப் பிடித்து நடந்தவை. அவளுக்கு ஊறல் வந்தது. தோலில் ஒன்றும் தெரியாது, ஆனால் உடம்பு முழுக்க எரிச்சலோடு ஊறும். சொறிந்து சொறிந்து கையெல்லாம் புண். வேப்பிலை அரைத்துப் பூசினார்கள், சாமி பார்த்தார்கள். கடைசியில் தொற்று நோய் என்று பயந்து தாய்மார் எல்லாம் பிள்ளைகளை அவளிடம் கொடுக்காமல் விட்டார்கள். அவளை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். எங்களிடம் வந்த பிறகுதான் அது ஈரலில் பித்தம் தேங்குவதால் வரும் ஊறல் என்று தெரிந்தது. யாருக்கும் தொற்றாது. மருந்தில் ஊறல் அடங்கியது. ஆனால் கையில் தழும்பு போகவில்லை, ஊர் பயமும் போகவில்லை.

"நீங்க ஒருக்கா எங்க தோட்டத்துக்கு வந்து சொல்லுங்க மிஸ்ஸி. நான் சொன்னா பொய்யிங்கிறாங்க" என்று கெஞ்சினாள். அந்தப் பக்கம் எங்கள் நடமாடும் கிளினிக் போனபோது நானும் போனேன். பிள்ளைக் காம்பரா முன்னால் பெண்கள் கூடினார்கள். பித்தம், ஈரல், தொற்று என்று படம் போட்ட மட்டையெல்லாம் காட்டி நான் ஒரு நீளமான பேச்சுப் பேசினேன். எல்லாரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். ஒருத்தியும் பிள்ளையை இறக்கவில்லை. பின்வரிசையில் ஒருத்தி, "நீங்க சொல்லிட்டுப் போயிருவீங்க. புள்ளைக்கு வந்துச்சுன்னா?" என்றாள். புஷ்பராணி சுவரோரம் ஒடுங்கி நின்றாள். வந்தது வீண் என்று எனக்குத் தோன்றியது.

அந்த நேரம் பார்த்து என் கெண்டைக்காலில் ஏதோ குளிர்ச்சியாக ஏறியது. குனிந்து பார்த்தால் அட்டை. இரத்தத்திலேயே வேலை செய்கிற எனக்கு அட்டை என்றால் மட்டும் ஆகாது. "ஐயோ!" என்று கத்திக்கொண்டு ஒற்றைக் காலில் குதித்தேன், மட்டையெல்லாம் சேற்றில் விழுந்தது. பெண்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். ஓடி வந்தது புஷ்பராணிதான். "அசையாதீங்க மிஸ்ஸி" என்று என் காலைத் தன் மடியில் வைத்து, அட்டையைப் பிடுங்கி எறிந்து, சவர்க்காரம் தடவி, தன் கையாலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டாள். நான் அவள் தோளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றேன், பயத்தில் அவள் கழுத்தையே கட்டிக்கொண்டேன் என்றுகூடச் சொல்லலாம். சிரிப்பு அடங்கியபோது எல்லாரும் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பின்வரிசையில் கேள்வி கேட்ட அதே பெண், வீரிட்டு அழும் பிள்ளையை இடுப்பில் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தவள், முன்னால் வந்தாள். பிள்ளையைப் புஷ்பராணியின் கையில் திணித்துவிட்டு, அலுத்துக்கொள்ளும் குரலில் சொன்னாள்: "இந்தாக்கா, பிடி. காலையில இருந்து கத்துறான், எனக்கு இடுப்பே விட்டுப்போச்சு."

செவுரு

தங்கராஜும் யோகராஜும் அண்ணன் தம்பிகள். தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராக்களில் குடியிருக்கிறார்கள். தம்பி, சமைக்கிற குசினியைப் பெருப்பிக்க ஒரு சுவர் எழுப்பினார். அது அண்ணன் வாசலை மறைத்தது. அதோடு பேச்சு நின்றது. நல்லது கெட்டது எல்லாவற்றிலும் அவரவர் திசையைப் பார்த்து நின்றார்கள். அப்படி இருக்கும்போதுதான் அண்ணனுக்கு ஈரல் முற்றாகக் கெட்டது. சொந்தத்தில் யாராவது தன் ஈரலில் ஒரு பாகம் கொடுத்தால் கொழும்பில் மாற்றிவைக்கலாம், இல்லாவிட்டால் நாள் எண்ண வேண்டியதுதான் என்ற நிலை. மனைவியின் இரத்தம் சேரவில்லை.

ஒரு காலையில் யோகராஜ் தனியாக வந்தார். "என்னைய சோதிங்க மிஸ்ஸி. சேர்ந்தா குடுக்குறேன். ஆனா அவருக்குத் தெரியக்கூடாது" என்றார். அப்படி இரகசியமாகச் செய்ய முடியாது, இருவரும் சம்மதிக்க வேண்டும் என்றேன். அண்ணனிடம் சொன்னபோது அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். முதுகு குலுங்கியது. திரும்பாமலே, "அவனுக்குச் சின்னப் புள்ளைங்க இருக்கு. வேணாம்னு சொல்லுங்க" என்றார். நான் போய்ச் சொன்னேன். "அவருக்கும் புள்ளைங்க இருக்குன்னு சொல்லுங்க" என்றார் தம்பி. இப்படி இருவருக்கும் நடுவில் நான் தபால்காரி மாதிரி நடந்து நடந்து, கடைசியில் அண்ணன் சம்மதித்தார்.

சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. இருவரும் பிழைத்தார்கள். சோதனைக்குத் திரும்பி வந்த அன்று அண்ணன் கண் வெள்ளையாக இருந்ததைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் ஒரே பஸ்ஸில் வந்த இருவரும், கிளினிக்கில் ஒருவர் முன் வாங்கில், ஒருவர் பின் வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். "என்ன அண்ணே, இன்னுமா பேசல?" என்று யோகராஜிடம் கேட்டேன். அவர் சட்டைக்கு மேலாகத் தழும்பைத் தடவிக்கொண்டே, முன் வாங்கிலும் கேட்கிற குரலில் சொன்னார்: "ஈரல் வேற, பேச்சு வேற மிஸ்ஸி. செவுரு இன்னும் அங்கதான நிக்குது?"

உடம்பிலேயே, பாதியை வெட்டினாலும் திரும்ப வளர்கிற உறுப்பு ஈரல் ஒன்றுதான் என்று எங்களுக்குப் பாடம் நடத்தியவர்கள், அதைச் சுமந்து வருகிற மனுசர்களின் பிடிவாதத்துக்கும் அதே குணம் உண்டு என்பதை மட்டும் சொல்லிக்கொடுக்காமல் எங்கள் தலையெழுத்தாக விட்டுப் போய்விட்டார்கள்.